‘தனியாவா வந்தீங்க?’ – தெரு ஃபேஷன் புகைப்படக் கண்காட்சியின் திறப்பு மாலைக்கு ஒற்றை ஆளாகப் போவது எப்படி

வாட்ஸ்அப்பில் அழைப்பிதழ் வந்து நாலு நாள் ஆகியிருக்கும். கூட வருவதாகச் சொன்ன தோழியின் வீட்டுக்கு ஊரிலிருந்து மாமியார் வந்துவிட்டார். இன்னொருவருக்கு ஆபீஸில் ஆடிட். “சரி, அடுத்த தடவை பார்த்துக்கலாம்” என்று பதில் போட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவது நம் வழக்கம். அந்த அடுத்த தடவைக்கும் யாருக்காவது மாமியார் வருவார். எனவே இந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு இந்தத் தடவையே கிளம்புங்கள்.

எனக்குத் தெரிந்த ஊர் சென்னை என்பதால் அதை வைத்தே எழுதுகிறேன். கிரீம்ஸ் ரோடு லலித் கலா அகாடமி, நுங்கம்பாக்கம் காலேஜ் ரோட்டில் அலியான்ஸ் பிரான்சேஸ், ரட்லண்ட் கேட்டில் மாக்ஸ் முல்லர் பவன், ஈசிஆரில் சோழமண்டலம், அதையும் தாண்டி முட்டுக்காடு தக்ஷிணசித்ரா ஆகியவை கண்காட்சிகளுக்குப் பழகிய இடங்கள். 2016இல் தொடங்கிய சென்னை போட்டோ பியனாலே வந்த பிறகு புகைப்படத்துக்கென்றே கூடும் கூட்டமும் பெருகியிருக்கிறது. இந்தத் திறப்பு விழாக்களில் பெரும்பாலானவற்றுக்கு டிக்கெட் கிடையாது. ‘அனைவரும் வருக’ என்று போட்டிருந்தால் அந்த அனைவரில் நீங்களும் ஒருவர்.

தெரு ஃபேஷன் புகைப்படம் என்றால், மேடையில் நடக்கும் மாடலை விட்டுவிட்டு, பஸ் ஸ்டாப்பிலும் கடைவீதியிலும் சொந்தத் துணியில் நிற்பவர்களை எடுப்பது. இதற்கு மேல் இலக்கணம் வேண்டாம்.

கிளம்புவதற்கு முன்

1. அழைப்பிதழைக் கடைசி வரி வரை படியுங்கள். ‘வருகையை முன்கூட்டி உறுதி செய்யவும்’ என்று இருந்தால் ஒரு வரி மெயில் அனுப்பிவிடுங்கள். அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டும் என்று இருந்தால் போகாதீர்கள், மறுநாள் எல்லோருக்கும் திறந்திருக்கும்.

2. கண்காட்சி எந்தத் தேதி வரை நடக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இது ஏன் முக்கியம் என்பது கடைசியில் தெரியும்.

3. கலைஞருடன் உரையாடல் என்று தனி நேரம் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். தனியாக வருபவருக்கு அதைப் போல வசதி வேறில்லை. நாற்காலி போட்டிருப்பார்கள். ஒரு மணி நேரம் எங்கே நிற்பது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்ற கவலையே இருக்காது.

4. போகும் வழியைப் பார்க்கும்போதே திரும்பும் வழியையும் முடிவு செய்யுங்கள். கிரீம்ஸ் ரோடு என்றால் ஆயிரம் விளக்கு மெட்ரோ நடக்கிற தூரம். முட்டுக்காட்டில் இரவு எட்டரைக்கு ஆட்டோ கிடைக்கும் என்று நம்பி நிற்காதீர்கள்.

5. சாப்பிட்டுவிட்டுப் போங்கள். உள்ளே சமோசாவும் பேப்பர் கப் டீயும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பசித்த வயிறு முக்கால் மணி நேரத்துக்கு மேல் எந்தப் படத்தையும் பார்க்க விடாது.

என்ன உடுத்துவது?

பலரைத் தடுப்பது இந்தக் கேள்விதான். சுவரெல்லாம் உடை, வந்திருக்கும் கூட்டமோ கைத்தறியும் ஆக்ஸிடைஸ்டு வெள்ளியுமாக ஜொலிக்கும். நாம் எதைப் போட்டுக்கொண்டு போவது?

பில் கன்னிங்ஹாம் (1929–2016) என்று ஒருவர் இருந்தார். நியூயார்க் டைம்ஸில் பல்லாண்டு காலம் தெரு ஃபேஷன் பக்கம் செய்தவர். அந்த ஊரின் பெரிய பெரிய விருந்துகளுக்கெல்லாம் சைக்கிளில், தனியாளாகப் போய் இறங்குவார். உடம்பில் பிரெஞ்சுத் தொழிலாளிகள் போடும் மலிவான நீலக் கோட்டு, கழுத்தில் கேமரா. விருந்து வைப்பவர்கள் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தால்கூட வாங்கிக் குடிக்கமாட்டார். பார்க்க வந்தவர் பார்த்துவிட்டுப் போகவேண்டும், அவ்வளவுதான் அவர் கணக்கு. ஊரே அவருக்காக உடுத்தியது, அவர் ஒரே நீலக் கோட்டில் காலத்தை ஓட்டினார். உங்களுக்கு அவ்வளவு துறவு வேண்டாம், சமோசா சாப்பிடலாம். ஆனால் துணி விஷயத்தில் அவர் பக்கம் சாயுங்கள்.

என் பட்டியல் சின்னது. ஏற்கெனவே நாலு தடவையாவது போட்டுப் பழகிய உடை. ஒன்றரை மணி நேரம் கல் தரையில் நிற்கத் தாங்கும் செருப்பு. பாக்கெட் இருந்தால் உத்தமம். முதுகுப் பை வேண்டாம், திரும்பும்போது பின்னால் இருக்கும் ஃப்ரேமில் இடிக்கும். ஜோல்னாப் பை என்றால் முன்பக்கமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கென்று புதிதாக வாங்கிய சட்டையைப் போட்டுக்கொண்டு போனால் மாலை முழுக்க அதன் காலர்தான் ஞாபகத்தில் இருக்கும்.

எத்தனை மணிக்கு நுழைவது?

அழைப்பிதழில் 6 மணி என்றால் 5.50க்கு வாசலில் இருங்கள். தனியாகப் போகிறவர்கள் நேர்மாறாகத்தான் செய்கிறோம். கூட்டத்தோடு கூட்டமாகக் கலந்துவிடலாம் என்று ஏழு மணிக்குப் போகிறோம்.

முதல் முறை நான் செய்ததைச் சொல்கிறேன். கலைக்கூடத்துக்கு வெளியே மரத்தடியில் நின்று, யாருடனோ பேசுவதுபோல் போனைக் காதில் வைத்துக்கொண்டு இருபது நிமிடம் கழித்தேன். பிறகு தைரியம் வந்து கதவைத் தள்ளினேன். கதவு கிறீச்சிட்டது. சிறப்பு விருந்தினர் பேசிக்கொண்டிருந்தார். அறையே திரும்பிப் பார்த்தது. யாரும் கவனிக்கக் கூடாது என்று தாமதமாகப் போன எனக்கு, அந்த மாலையிலேயே அதிகம் கவனிக்கப்பட்ட ஆள் என்ற பெருமை கிடைத்தது.

சீக்கிரம் போனால் நடப்பது வேறு. குத்துவிளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருப்பார்கள். மைக் சோதனை நடக்கும். சிறப்பு விருந்தினர் டிராஃபிக்கில் மாட்டியிருப்பார், அது உங்கள் நல்ல காலம். அரை மணி நேரம் சுவர் முழுவதும் உங்களுக்கே. ஏழு மணிக்கு மேல் படத்துக்கும் உங்களுக்கும் நடுவில் முதுகுகள் மட்டுமே இருக்கும்.

உள்ளே முதல் பத்து நிமிடம்

1. வாசல் மேஜையில் வருகைப் பதிவேடு இருக்கும். பெயர் மட்டும் எழுதுங்கள். போன் நம்பர் கட்டம் இருந்தாலும் நிரப்ப வேண்டியதில்லை. உங்களுக்குப் பின்னால் வருபவர் எல்லாம் அந்தப் பக்கத்தைப் படிக்கலாம்.

2. மடித்த தாளோ விலைப்பட்டியலோ இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். தகவல் கிடைக்கும், கைக்கும் ஒரு வேலை கிடைக்கும்.

3. போனைச் சைலண்டில் போட்டுப் பைக்குள் வையுங்கள். சங்கடம் வரும்போதெல்லாம் எடுத்துப் பார்த்தால் சங்கடம்தான் வளரும்.

4. எதையும் படிக்காமல், எங்கும் நிற்காமல், அறையை ஒரு சுற்று சுற்றுங்கள். கழிவறை, தண்ணீர், வெளியே போகும் வழி, உட்கார பெஞ்சு எங்கே என்பதையும் இந்தச் சுற்றிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

5. அந்தச் சுற்றில் உங்களைத் திரும்பிப் பார்க்கவைத்த மூன்று படங்களை மனதில் குறியுங்கள். அன்றைக்கு அந்த மூன்று போதும். நாற்பது படத்தையும் வரிசையாகப் பார்ப்பது ரேஷன் கடை வரிசையில் நிற்பதுபோல் ஆகிவிடும்.

படத்தை எப்படிப் பார்ப்பது

படத்தின் மூலைவிட்டம் எவ்வளவோ அதைப்போல ஒன்றரை மடங்கு தூரத்தில் முதலில் நில்லுங்கள். கையளவு படம் என்றால் ஒரு அடி, ஆள் உயரப் படம் என்றால் ஒன்பது பத்து அடி. பிறகு நெருங்குங்கள். கண்ணாடியில் உங்கள் முகமே தெரிந்தால் அரை அடி பக்கவாட்டில் நகர்ந்தால் சரியாகிவிடும்.

தெரு ஃபேஷன் படத்தைக் காலிலிருந்து மேலே பாருங்கள் என்பது என் யோசனை. முகம் நம்மை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், விடாது. செருப்பில் ஆரம்பித்தால் எத்தனையோ தெரியும். வார் அறுந்து ஊக்கு குத்தியிருக்கிறதா? பட்டுப்புடவைக்குக் கீழே ஓட்டப்பந்தய ஷூவா? அப்படியென்றால் அவர் எங்கிருந்தோ நடந்து வந்திருக்கிறார், முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது. அடுத்து மடிப்பு, இஸ்திரி, தைத்து ஒட்டுப்போட்ட இடம். கையில் என்ன இருக்கிறது? கட்டைப்பை, டிபன் கேரியர், ஹெல்மெட்? ஃபேஷன் இதழ்களின் படங்களில் யார் கையிலும் கட்டைப்பை இருக்காது. ரங்கநாதன் தெருவில் பை இல்லாத கையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அடுத்த கேள்வி, என்னைப் பொறுத்தவரை முக்கியமான கேள்வி: படத்தில் இருப்பவருக்குத் தன்னை எடுப்பது தெரியுமா? கண்டுபிடிக்கச் சில தடயங்கள் உண்டு. அவர் லென்ஸைப் பார்க்கிறாரா, பின்னணி முழுக்க மங்கலாகி ஆள் மட்டும் தனித்துத் தெரிகிறாரா (பெரும்பாலும் தூரத்திலிருந்து நீண்ட லென்ஸில் எடுத்ததாக இருக்கும்), கேமரா கண் உயரத்தில் இருந்ததா, இடுப்பு உயரத்தில் இருந்ததா. புரூக்ளினின் ஜமேல் ஷபாஸ் 1980களில் இளைஞர்களிடம் போய்ப் பேசி, சம்மதம் வாங்கி எடுத்தார். ‘பேக் இன் தி டேஸ்’ (2001) புத்தகத்தில் அவர்கள் நெஞ்சு நிமிர்த்தி நிற்பதைப் பார்த்தாலே தெரியும், படத்தில் பாதி அவர்களுடையது. டோக்கியோ ஹராஜுகுவின் இளசுகளை 1997 முதல் 2017 வரை ‘ஃப்ரூட்ஸ்’ இதழில் போட்ட ஷோயிச்சி அயோகி, தலை முதல் கால் வரை நேராக நிற்கவைத்து எடுத்தார். வயது, செய்யும் வேலை, எதை எங்கே வாங்கினார்கள் என்பதெல்லாம் படத்தோடு வரும். கன்னிங்ஹாமோ பெரும்பாலும் யாரையும் நிறுத்தமாட்டார், போகிற போக்கில் எடுப்பார். மூன்றும் மூன்று விதமான உறவு.

இப்போது படத்துக்குக் கீழே ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். படத்தில் இருப்பவருக்குப் பெயர் இருக்கிறதா? ‘பூக்காரப் பெண், பாரிமுனை’ என்ற மாதிரி தலைப்புகள் எனக்கு உறுத்தும். எடுத்தவர் பெயர் சுவரில் ஒரு அடி உயர எழுத்தில் இருக்கும், ஜாக்கெட்டுக்கும் பூவுக்கும் நிறம் பார்த்துச் சேர்த்தவருக்குப் பெயரே இருக்காது. கைவண்டி இழுப்பவர் தலைப்பாகைத் துண்டுக்கும் லுங்கிக்கும் பொருத்தம் பார்த்துக் கட்டியிருக்கிறார் என்பதைக் காட்டும் படத்தை நான் கும்பிடுவேன். அவர் வறுமையே ஒரு ‘லுக்’ என்று காட்டும் படத்தைக் கடந்து போய்விடுவேன். எது எந்த வகை என்று உங்கள் கண் முடிவு செய்யட்டும். தனியாக வந்ததன் லாபம் இதுதான், பக்கத்தில் நின்று ‘சூப்பர்ல?’ என்று கேட்க யாரும் இல்லை.

> குறிப்பு: படத்தின் கீழ் ஓரத்திலோ சீட்டிலோ 3/10 என்று இருந்தால், பத்துப் பிரதிகள் மட்டும் போடுவதாகச் சொல்லி அதில் இது மூன்றாவது என்று பொருள். சீட்டுக்குப் பக்கத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தால் விற்றுவிட்டது. விலையைப் பார்த்து அதிர்ச்சியைக் காட்டவேண்டாம், மனதுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

பேசலாமா?

பேசாமலே வந்துவிடலாம், தப்பில்லை. பேச ஆசை இருந்தால் இன்னொரு தனி ஆளைத் தேடுங்கள், ஒரே படத்தின் முன்னால் அதிக நேரம் நிற்பவர் அவராகத்தான் இருப்பார். மூன்று பேராக வட்டம் கட்டி நிற்பவர்களுக்குள் நுழைவது கடினம். படத்தைப் பற்றியே ஆரம்பியுங்கள்: “இது பாண்டி பஜாரா, சௌகார்பேட்டையா, தெரியுதா உங்களுக்கு?” சென்னைக்காரர்கள் இடத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னால் மறுக்கமாட்டார்கள். கடைப் பலகை, தூண், பஸ் நம்பர் எல்லாவற்றையும் வைத்து வழக்காடுவார்கள்.

புகைப்படக்காரரிடம் பேச நேரம் பார்க்கவேண்டும். பொன்னாடை, குரூப் போட்டோ எல்லாம் முடிந்து, அவர் தண்ணீர் பாட்டிலைத் திறக்கும் நேரம் நல்லது. ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ‘என்ன கேமரா?’ என்று மட்டும் கேட்காதீர்கள். நான் கேட்டேன். அன்று மாலை அவரிடம் அதைக் கேட்ட ஐந்தாவது ஆள் நான் என்பது அவர் சொன்ன பதிலின் வேகத்திலேயே தெரிந்தது. இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

“சார், உள்ள மூணாவது படத்துல மஞ்சப் பை வச்சிருக்காங்களே அந்த அம்மா, அவங்க இந்தப் படத்தைப் பாத்தாங்களா?”

இதற்கு வரும் பதில் பெரும்பாலும் கதையாகத்தான் இருக்கும். கதை முடிந்ததும் “ரொம்ப நன்றி சார்” என்று நகர்ந்துவிடுங்கள், பின்னால் ஆள் நிற்கும்.

யாராவது ஒருவர் கண்டிப்பாகக் கேட்பார், “தனியாவா வந்தீங்க?” பெரும்பாலும் வேறு பேச்சு கிடைக்காததால்தான் கேட்பார்கள். “ஆமா, நிதானமா பாக்கலாம்னு. நீங்க?” என்று திருப்பிவிடுங்கள். விளக்கம் வேண்டாம். தோழிக்கு மாமியார் வந்த கதையை ஆரம்பித்தால் நீங்களே அதை ஒரு குறையாக்கிவிடுகிறீர்கள். கேட்பவரின் தொனி பிடிக்கவில்லை என்றால் மட்டும் பொய் சொல்லலாம்: “தம்பி கீழ வண்டியோட நிக்கறான்.” இல்லாத தம்பி எனக்குப் பல மாலைகளில் உதவியிருக்கிறான்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

தடுப்புச் சுவரில் சாய்வது. கல் சுவர் என்று நினைப்போம், அது ஒட்டுப்பலகையாக இருக்கும். நான் சாய்ந்து, அந்தப் பக்கம் இரண்டு ஃப்ரேம்கள் கோணலாகி, ஒருவர் ஸ்டூல் கொண்டுவந்து நேர் செய்தார்.

ஃப்ளாஷ் போட்டுப் படத்தைப் படம் எடுப்பது. எடுக்கலாமா என்று மேஜையில் இருப்பவரிடம் கேட்டுவிட்டு, ஃப்ளாஷை அணைத்து எடுங்கள். செல்ஃபிக்காகப் பின்னோக்கி நடக்காதீர்கள்.

டீ கப்போடு படத்தருகே போவது.

தெருக்காட்சிகளைப் பார்த்த உற்சாகத்தில், வந்திருப்பவர்களின் உடையை ரகசியமாகப் போனில் எடுப்பது. கேட்டுவிட்டு எடுங்கள், பெரும்பாலோர் சந்தோஷமாகவே நிற்பார்கள். உங்களை யாராவது கேட்காமல் எடுத்தாலும் இதே நியாயம்தான். “அந்தப் படத்தை அழிச்சிடுங்க ப்ளீஸ்” என்று குரலை உயர்த்தாமல், ஆனால் அவர் அழிக்கும்வரை அங்கேயே நின்று சொல்லுங்கள். அமைப்பாளர்களின் வீடியோக்காரர் என்றால், பதிவில் வேண்டாம் என்று அவரிடமே சொல்லிவிடலாம்.

பேச்சு நடக்கும்போது வெளியேறுவது தவறில்லை. நடு வரிசையில் உட்கார்ந்துவிட்டு வெளியேறுவதுதான் தவறு. ஓரத்தில் நில்லுங்கள்.

பாதுகாப்பும் திரும்பும் வழியும்

1. எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டிலோ நண்பரிடமோ சொல்லியிருங்கள். அந்த இரவுக்கு மட்டும் லைவ் லொகேஷன் அனுப்பி வையுங்கள்.

2. போனில் பாதி சார்ஜாவது மிச்சம் இருக்கவேண்டும். சட்டைப்பையில் ரொக்கமாக இருநூறு ரூபாய். ஜிபே சுற்றிக்கொண்டே இருக்கும் இரவுகள் உண்டு.

3. ஏதாவது பானம் கொடுத்தால் உங்கள் கண்ணெதிரே ஊற்றியதை எடுங்கள். கீழே வைத்துவிட்டுப் போனதைத் திரும்ப எடுக்காதீர்கள், புதிதாக வாங்கிக்கொள்ளலாம்.

4. புதிதாகப் பழகியவர் “நானே ட்ராப் பண்றேன்” என்றால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும் முதல் நாளில் வேண்டாம்.

5. ஆட்டோவைக் கலைக்கூடத்தின் வளாகத்துக்குள் நின்றபடியே புக் செய்யுங்கள். வண்டி வந்ததும் நம்பரைச் சரிபார்த்து, பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு ஏறுங்கள். மெட்ரோ என்றால் கூட்டம் கலையும்போதே நடந்துவிடுங்கள், கடைசி ஆளாகத் தெருவில் இறங்கவேண்டாம். பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்து 2021இலிருந்து இலவசம், வெளிச்சமான நிறுத்தமாகப் பார்த்து ஏறுங்கள்.

6. அவசரம் என்றால் 112. பெண்கள் உதவிக்கு 181. இரண்டையும் போனில் சேமித்தே வைத்திருங்கள். பதற்றத்தில் எண் ஞாபகம் வராது.

யாரிடமும் விடைபெறாமல் கிளம்பலாமா என்று கேட்பார்கள். தாராளமாக. ஒரு மணி நேரம், மூன்று படம், ஒரு டீ. முதல் முறைக்கு அது முழுக் கணக்கு.

மறுபடியும் ஒரு நாள்

அந்தத் தேதியைக் குறிக்கச் சொன்னேனே, அது இதற்குத்தான். நாலைந்து நாள் கழித்து, வார நாளில், காலை பதினோரு மணிக்குப் போங்கள். திறப்பு விழாவில் முதுகுகள் மறைத்த படங்களை அன்றைக்குப் பார்க்கலாம். அறையில் யாரும் இருக்கமாட்டார்கள், கரண்டை மிச்சம் பிடிக்க விளக்குகளைக்கூட அணைத்து வைத்திருப்பார்கள். பூட்டியிருக்கிறது என்று நினைத்துத் திரும்பிவிடாதீர்கள். வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் வாட்ச்மேனிடம் “அண்ணே, லைட்டைப் போடுறீங்களா?” என்று கேட்டால் எழுந்து வந்து போட்டுவிடுவார்.